அஞ்சாவது பேட்டரி

— முடியாதுன்னா முடியாதும்மா. நாப்பத்தெட்டு வோல்ட் பைக் நாப்பத்தெட்டுலதான் ஓடும்.

— நாலு பேட்டரி இருக்கு. ஒவ்வொண்ணும் பன்னண்டு. கூட ஒண்ணைச் சேர்த்தா அறுபது. கணக்கு சரிதானே, மெக்கானிக் அண்ணே?

— கணக்கு சரி. வண்டிதான் சரியா வராது.

— சரி, அறுபது வேணாம். ஒரு அம்பத்தஞ்சு?

— வோல்ட் என்ன துணியா, கிழிச்சுக் கொடுக்க?

— அம்பத்திரண்டு. கடைசிப் பேச்சு.

— யம்மா... பேக்கரியில வேலை பார்த்தா வாயும் அடுப்பு மாதிரி ஆயிடுமா? அணையவே மாட்டேங்குதே!

— அந்த வேலை நாளைக்கு இருக்கான்னே தெரியல. முதலாளி சொல்லிட்டார். ரெண்டு பெட்டி ரொட்டியோட மேட்டுக் குடியிருப்புக்கு ஏறணும். அந்தப் பெரிய வளைவுல காலை ஊனாம ஏறுறவளுக்குத்தான் அந்த டெலிவரி லைன்.

— ஏறு. யார் வேணாங்கிறா?

— எங்கே ஏறுறது? வளைவு வந்ததும் மூச்சு வாங்குது.

— உனக்கா?

— வண்டிக்கு! எனக்குப் போட்டியா ஒருத்தி வர்றா. அவ வண்டி மட்டும் வழுக்கிட்டுப் போகுது. அதே கம்பெனி, அதே மலிவு மாடல், அதே நீலம்.

— அவ... எடை கம்மியா இருப்பா.

— அண்ணே, அவ என்னை மாதிரி ரெண்டு பேரு.

— அப்படியெல்லாம் ஒரு பொம்பளையைப் பத்திப் பேசக்கூடாது.

— உங்களுக்கு ஏன் கோபம் வருது?

— கோபமா? எனக்கா? பொதுவாச் சொன்னேன்.

— அவ புருஷன் பெரிய கெட்டிக்காரனாம். பேக்கரி முழுக்க அதே பேச்சு.

— அப்படியா... யாரு சொன்னா? என்ன சொன்னாங்க?

— அதை விடுங்க. அவளுக்குச் சம்பாதிக்க புருஷன் இருக்கான். எனக்கு இந்த லைனை விட்டா வேற போக்கு இல்லை. பேட்டரி பையிலேயே இருக்கு. மாட்டுங்க.

— மாட்டினா என்ன ஆகும் தெரியுமா? இந்த அலுமினியப் பொட்டியைப் பாரு, மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுற கன்ட்ரோலர். இதுக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் அறுபத்துமூணு வரைக்கும்தான் தாங்கும். அஞ்சு பேட்டரியும் முழுசா சார்ஜ் ஏறினா அதைத் தாண்டிடும். பட்டுன்னு வெடிச்சு...

— அப்போ பொட்டியை மாத்துங்க.

— சார்ஜரையும் மாத்தணும்.

— மாத்துங்க.

— லைட்டு, ஹாரனுக்குக் கரண்டைக் குறைச்சுக் கொடுக்கிற ஒரு சின்ன டப்பா இருக்கு. அதுவும்...

— அண்ணே, ஒவ்வொண்ணாச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க. மொத்தமாச் சொல்லுங்க, ஒரே தடவை பயந்துக்கிறேன்.

— அறுபது வோல்ட் கன்ட்ரோலர் கையிருப்பு இல்லை.

— அலமாரியில மேல் தட்டு. பச்சைத் துணிக்குப் பின்னாடி.

— அது... அது வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது.

— துணி மேல ஒரு விரல் தூசி இருக்கு. அந்த வேற ஒருத்தர் நடந்தே வர்றாரோ?

— இத பாரு தங்கச்சி, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். விழுந்து கிழுந்து வெச்சா...

— மேட்டுல ஏறப்போறேன், பறக்கப்போறதில்லை. மாட்டுவீங்களா, மாட்டேன்னு சொல்வீங்களா?

— மாட்டேன்.

— சரி. பத்து நம்பர் ஸ்பேனர் இதுதானே?

— ஏய், எடுக்காதே! என்ன பண்றே?

— சீட்டைக் கழட்டுறேன். நீங்க வேணாம். நானே பழைய பொட்டியோட கோர்த்துக்கிறேன். வெடிச்சா சத்தம் உங்க காதுக்கு வரும், அப்போ தெரிஞ்சுக்குங்க.

— விடு... விடுன்னு சொல்றேன்ல! சிவப்பு வயரை அப்படி இழுக்காதே, பொறி பறக்கும்! தள்ளு. தள்ளி உட்காரு.

— உட்கார்ந்துட்டேன்.

— என் கண்ணு முன்னாடி ஒரு வண்டி எரிஞ்சா, எனக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. அதுக்காகத்தான் போடறேன், உன் வாய்க்குப் பயந்து இல்லை. அந்தப் பொட்டியை எட்டி எடு. பழைய சார்ஜரை இதுல சொருகாதே, புதுசு தர்றேன்.

— சரிண்ணே. இந்த சார்ஜ் மீட்டர்? அது சரியாக் காட்டுமா?

— மீட்டரை விடு, அது சும்மா விளக்கு. நாப்பத்தெட்டுக்குன்னு செஞ்சது. அறுபது போட்டா எப்பவும் ஃபுல்லுன்னு காட்டும். பார்க்கிற உனக்கும் சந்தோஷம்தானே?

— காலியாகிறப்பவும் ஃபுல்லுன்னேதான் காட்டுமா?

— அ... அதுக்கென்ன, அடிக்கடி சார்ஜ் போட்டுக்க வேண்டியதுதான்.

— இதை எல்லார்கிட்டயும் சொல்லித்தான் கொடுப்பீங்களா?

— சொல்... சொல்லுவேன். ஒண்ணு ரெண்டு பேருக்கு மறந்திருக்கும். எங்கே, பேட்டரியைக் கொடு.

— இந்தாங்க. கனமா இருக்கு, பார்த்து.

— ம்... பரவால்ல, நல்ல சரக்குதான். எங்கே வாங்கினே? எனக்குச் சப்ளை பண்ற ஆளு... இரு. இதென்ன ஓரத்துல வெள்ளைப் பெயிண்ட்? இது... நான் வைக்கிற குறியாச்சே! தங்கச்சி, இந்தப் பேட்டரி உனக்கு எப்படி...

— உங்க வீட்டு அண்ணிதான் கழட்டிக் கொடுத்தாங்க. காலையில ஒத்திகை பார்க்கப் போய், வளைவுக்கு நடுவுல அவங்க வண்டி படுத்துடுச்சு. மீட்டர் மட்டும் கடைசிவரைக்கும் ஃபுல்லு. ரெண்டு பேரும்தான் தள்ளிட்டு வந்தோம். தள்ளுறப்பதான், என் வண்டியில நாலு, அவங்க வண்டியில அஞ்சுன்னே அவங்களுக்குத் தெரியும். 'இதை உன் வண்டியில மாட்டச் சொல்லு, எனக்கு வேற ஒண்ணு எடுத்துக்கிட்டு, ரெண்டு வண்டிக்கும் அறுபது வோல்ட் மீட்டரோட வரச் சொல்லு. நாளைக்கு உன்னைத் தோற்கடிச்சுட்டுத்தான் மறுவேலை, ஆனா அஞ்சுக்கு அஞ்சு'ன்னாங்க. அதுவரைக்கும் உங்களுக்கு வீட்டுக் கதவு திறக்காதாம், அண்ணே.