பிணத்துக்குக் காய்ச்சல்

இரவு இரண்டு மணி. மந்தைவெளியில் ஆளில்லாத ஒரு சந்து. ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஜவஹருக்கு போன் வந்தது...

ஜவஹர், இதோ உட்கார்ந்திருக்கிறானே ஷோயப், இவனுடைய பெரியம்மா மகன். பிணம் வைக்கும் ஐஸ் பெட்டிகளை வாடகைக்கு விடும் வெள்ளைத்துரைக்கு அவன் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். பெட்டிக்குள் இருக்கும் சென்சார் குளிரை அளக்கும். புரோகிராம் அதைப் போனுக்கு அனுப்பும். எந்தச் சென்சார், என்ன பெயர், எப்போது மணி அடிக்க வேண்டும்... எல்லாமே ஒரு ஃபைலில் ஒவ்வொரு வரி. வரியை மாற்றினால் போதும்.

அன்றுதான் முதல் ராத்திரி. சொதப்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“இன்னா நைனா, உன் மிஷினு பொணத்துக்குக் காய்ச்சல்னு கத்துது? முப்பத்தோரு டிகிரியாம்!” போனில் வெள்ளைத்துரை.

போனை எடுக்க ஜவஹர் வண்டியை நிறுத்தியது, அந்தப் பெட்டி இருந்த வீட்டு வாசலில்தான். இறந்தவர் சந்திரிகா. வெளிநாட்டு மகனுக்காகக் காத்திருந்த உடல். வீட்டார் மாடியில் தூங்க, கீழே பெட்டி மட்டும் கர்ர்ரென்றது. ஊதுபத்தி வாசனை. நடுவில்... டொக். டொக்.

மோட்டார் என்று நினைத்துக்கொண்டான். உள்ளே போகவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்தான்: பத்து டிகிரிக்கு மேல் வந்தால் நம்பாதே, கடைசியாக வந்த சரியான அளவையே திரும்ப அனுப்பு.

“இப்ப நாலு காட்டுது. சூப்பரு நைனா.”

டொக்... வண்டியைக் கிளப்பினான்.

காலையில் மகன் வந்து சேர்ந்ததும் வெள்ளைத்துரைதான் மூடியைத் திறந்தார். கண்ணாடியின் உட்பக்கம் நகக்கீறல்கள். உடல் ஒருக்களித்துக் கிடந்தது. சென்சார் அவள் வாய்க்குள், பல்லுக்கு நடுவில். ஒயரை உருவினார். மடங்கிய காலை அழுத்தி நீட்டினார். ஏதோ முறிந்தது.

“ஐஸ்ல அப்டித்தாம்மா சுருங்கும்” என்றார், அழுதுகொண்டிருந்த மகளிடம். மதியத்துக்குள் எரித்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் ஜவஹர் அந்த வரியை அழித்தான். அன்றிரவு இரண்டு மணிக்கு ஃபைலில் புதிதாக ஒரு சென்சார். பெயர், ஜவஹர். அளவு, முப்பத்தேழு. அழித்தான். திரும்ப வந்தது. ஷோயப்பின் போனிலும் அது தெரியும்படி செய்தான்.

“தூங்காதடா. கொறஞ்சா ஓடியா, என்னை எழுப்பு.”

நேற்றிரவு பூராவும் முப்பத்தேழுதான். ஷோயப் தூங்கிவிட்டான். காலையில் அடையாறு வீட்டில் ஜவஹர் விறைத்துக் கிடந்தான். உடம்பு ஐஸ். ஹார்ட் அட்டாக் என்றார் டாக்டர். இன்று மதியம் அடக்கம் செய்துவிட்டோம். அதனால்தான் இவனை பெசன்ட் நகர் மணலுக்கு இழுத்து வந்தோம்.

“போதும்டா மச்சி” என்கிறான் ஷோயப்.

“போனைக் காட்டு” என்கிறேன்.

காட்டுகிறான். முப்பத்தேழு. பழைய அளவைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புகிறது போல... ஃபைலைத் திறந்து தேடுகிறேன். அந்த வரி இல்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தாறு ஆகிறது.

அடக்கம் செய்த இடத்துக்கு ஓட யாரும் எழுந்திருக்கவில்லை.

“சென்சார் ஃபால்ட்டு” என்று ஷோயப் போனை மணலில் கவிழ்த்து வைக்கிறான்.