‘அவர் திருத்தலையே!’ என்று பதறிய பேராசிரியருக்கு

ஓர் உவமையை மூன்று முனையிலிருந்தும் பார்க்க முறையாகக் கற்றுத்தந்த மூதறிஞரே! சொல்லைச் சுவைத்து, சுவைத்ததைச் சோதித்து, சோதித்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தந்த இலக்கியத் துறைத் தலைவியே! பணி நிறைவு பெறும் பேராசிரியர் அம்மையீர், வணக்கம்!

வேதாகம உவமையை மூவர் சேர்ந்து நடத்துவது இக்கல்லூரியில் தாங்கள் தொடங்கிய வழக்கம். அதிலும் நல்ல சமாரியன் கதை என்றால் தங்களுக்கு உயிர். வழிப்பறியில் அடிபட்டுக் கிடப்பவனைக் கோயில் குருவான ஆசாரியன் கண்டும் கடந்து போகிறான், கோயில் ஊழியனான லேவியனும் போகிறான். ஊரே வெறுக்கும் இனத்தவனான சமாரியன்தான் நின்று தூக்குகிறான். மூன்றாவதாக வருபவன் நம்மவன் என்று காத்திருந்த செவிகளைக் கதை எப்படி ஏமாற்றுகிறது என்று தாங்கள் காட்டுவீர்கள். அந்தப் பாதையின் ஆபத்தையும் அந்தப் பகையின் பழமையையும் வரலாற்று ஆசிரியர் விளக்குவார். ‘பகை இனத்தில் ஒருவனை நல்லவனாக்கினால் பகை தீருமா? பாதையில் திருடரை விட்டுவைத்தது யார்?’ என்று சமூகவியல் ஆசிரியர் குடைவார்; மாணவர் அவருக்கு இட்ட பெயர் ‘எதிர்க்கட்சி’. கிடப்பவனின் கண்ணிலிருந்தும் கதை தெரிய வேண்டும், ஆகவே மூவரில் ஒருவர் தரையில் படுத்தே ஆக வேண்டும் என்பது தங்கள் கட்டளை.

சென்ற ஆண்டு படுத்தவர் வரலாற்று ஆசிரியர். அவருக்கு இருபுறமும் நின்று தாங்களும் எதிர்க்கட்சியும் வாதத்தில் இறங்கினீர்கள். அவர் கை லேசாக அசைந்தது.

“அசையாதீங்க சார், சமாரியன் இன்னும் வீட்டை விட்டே கிளம்பல!” என்றார் எதிர்க்கட்சி. வகுப்பே சிரித்தது, தாங்களும் சிரித்தீர்கள். பிறகு பேச்சு வேகத்தில் எதிர்க்கட்சி ரோமர் ஆட்சியை ஒரு நூற்றாண்டு தள்ளிவைத்துவிட்டார்.

தாங்கள் பாதிச் சொல்லில் நின்றீர்கள். “அவர் திருத்தலையே!” என்றீர்கள்.

தப்பான ஆண்டு காதில் விழுந்தால் அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுப்பவர் வரலாற்று ஆசிரியர். மண்டியிட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். உடம்பு வியர்வையில் சில்லிட்டிருந்தது. நடிப்பென்று எல்லோரும் நம்பியது மயக்கம். செருப்பையும் மறந்து அவரோடு ஆம்புலன்ஸில் ஏறினீர்கள்.

“சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க” என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் வெளியே நின்ற எங்களுக்கு மூச்சு வந்தது. கண் விழித்தவர், “சமாரியன் யாரு?” என்று முனகினார். “ஊசி போட்ட நர்ஸ். வாயை மூடிட்டுப் படுங்க!” என்று அதட்டினீர்கள். அந்த அதட்டலில்தான் எங்கள் பயம் முழுதாக விலகியது.

அடுத்த வகுப்பில் தாங்கள் சொன்னதை இன்றும் மாணவர் மேற்கோள் காட்டுகின்றனர்: “ஆசாரியனும் லேவியனும் கல்நெஞ்சக்காரங்கன்னுதான் நினைச்சிருந்தேன். ரெண்டு பேரும் ஏதோ முக்கியமான விஷயத்தைப் பேசிக்கிட்டே போயிருப்பாங்கன்னு இப்ப தோணுது.” எதிர்க்கட்சி எதிர்த்துப் பேசாத ஒரே விளக்கம் அதுதான்.

அறிவால் உயர்ந்தவரே! அதட்டலில் அன்பை ஒளித்தவரே! மணியோசை துரத்தாத காலைகளும், மருந்து தேடாத உடலும், மனம்போல் வாதிட ஆட்களும் வாய்த்து நெடுங்காலம் வாழ்க! இதை நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அன்று தரையில் கிடந்தவர்தான். அவர் குரல் தழுதழுத்தால் பதற வேண்டாம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் மேடையேறியிருக்கிறார்.

நிம்மதியும் நன்றியுமாக,
இலக்கியம், வரலாறு, சமூகவியல் துறை ஆசிரியர்களும் அலுவலர்களும்