நெத்தித் தண்ணி

– துணிய அங்கயே வைங்க டிரெசரையா. என் நெத்திய யாரும் தொடைக்க வேணாம்.

– உடம்பு கொதிக்குது வெள்ளையம்மா. தொடைச்சுவிட்டா கொஞ்சம் தூங்குவ.

– நீங்க தொடைச்சுவிட்டவங்க எல்லாருந்தான் தூங்கிட்டாங்க. போன வாரம் கிருஷ்ணம்மா, அதுக்கு முந்தி புஷ்பவள்ளி. இந்த எஸ்டேட்டு ஆஸ்பத்திரிக் கடைசி வார்டுக்கு வந்தவ எவளும் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போனதில்ல, அது எங்களுக்கே தெரியும். ஆனா ஈரத்துணியோட நீங்க உள்ள வந்தா, எந்தக் கட்டில்கிட்ட நிக்கப்போறீங்கன்னு அஞ்சு பேரும் மூச்ச புடிச்சுக்கிட்டுப் பாக்குறோம்.

– அப்படியா நெனைக்கிறீங்க எல்லாரும்?

– வேற எப்படி நெனைக்க? சரி, ஒண்ணு கேக்குறேன், நிசத்த சொல்லுங்க. மூணு வாரத்துக்கு முன்னால ஆம்பளைங்க வார்டுல தவறுன எங்க வீட்டுக்காரரு எஸ்டேட்டு சுடுகாட்டுல இல்லையாமே. மாதா கோயில் தோட்டத்துல குழி வெட்டி, சிலுவை நட்டிருக்காமே. காலையில வார்டு கூட்ட வந்த ராசம்மா சொன்னா.

– ராசம்மாவுக்கு வாய் நீளம்.

– அவ வாய விடுங்க. நிசமா, பொய்யா?

– நிசந்தான்.

– அவரு எப்ப வேதத்துல சேந்தாரு?

– நாந்தான் சேத்தேன். என்ன செய்ய, உசுரு போற நேரம். சாமியாரு இல்லாட்டியும் யாரு வேணாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம்னு எங்க வேதத்துல இருக்கு.

– அவர கேட்டீங்களா?

– செல்லப்பனுக்கு நெனவு இல்ல.

– இருந்துச்சே. தண்ணி கேட்டாருன்னு பக்கத்துக் கட்டில் மணியம் சொன்னாராம்.

– கேட்டான். வாயில ஒரு கரண்டி ஊத்தினேன். மிச்சத்த நெத்தியில ஊத்தினேன்.

– நெத்திக்கா தாகம்?



 

– பத்து வருசமா ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். மருந்து குடுக்குற டிரெசருன்னு பேருதான், இந்த வார்டுக்குன்னு மருந்து கெடையாது. கம்பளி கேட்டு தொரைக்கு மூணு தடவ எழுதினேன், அதுவும் வரல. சாகுறவங்க முன்னால வெறுங்கையோட நிக்க முடியல. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான், அதக் குடுத்தேன். புண்ணியம் பண்றதாத்தான் நெனச்சேன். இப்ப உன் மூஞ்சியப் பாக்கவே கூசுது.

– கஞ்சி வேணுமான்னு கேப்பீங்க. சன்னல சாத்தட்டுமான்னு கேப்பீங்க. ஸ்டானிஸ்லாஸ் டிரெசரு மாதிரி தங்கமான மனுசன் இந்த ஜொகூர்லயே இல்லன்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இத மட்டும் ஏன்யா கேக்கல?

– கேட்டா வேணாம்னு சொல்லிருவாங்களோன்னு பயம்.

– எங்கண்ணன் சின்னத்தம்பி ஏன் மூணு வாரமா எட்டிப் பாக்கலன்னு இப்பத்தான் புரியுது. சொல்லாம கொள்ளாம வேதத்துல சேந்துட்டோம்னு வெறுத்திருப்பான்.

– நான் லயத்துக்குப் போறேன். அவன் கால்ல விழுந்தாவது சொல்லிர்றேன், எல்லாம் என் தப்புன்னு.

– சொல்லுங்க. அவருக்கு என்ன பேரு வச்சீங்க?

– சூசை.

– சூசை. கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்து ரெங்கம் டேசன்ல எறங்கி இருபது வருசம் ஆச்சு. அதுக்கு முன்னால ஊர்ல அவருகூட பத்து வருசம். அவரு பேர ஒருநாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. கங்காணி கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவேன். இந்தப் பேர எவ்வளவு லேசா சொல்லிட்டேன் பாருங்க. சூசை. வெக்கமே வரல. ஏன்னா, அது அவரு இல்லய்யா.

– என்னை மன்னிச்சிரும்மா.

– எனக்கு இன்னும் எத்தன நாளு? யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

– நாளைய தாண்டாது.

– அவரு பக்கத்துல என்னைய வைப்பாங்களா?

– ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு அங்க எடம் குடுக்க மாட்டாங்க. நீ சரின்னு சொன்னா, அவன் பக்கத்துல ஒரு குழிக்கு எடம் இருக்கு. நானே சாமியார்கிட்ட பேசுறேன்.

– அப்ப கேளுங்க.

– என்னத்த?

– அவர்கிட்ட கேக்காதத. எம் மூஞ்சியப் பாத்து, வாயத் தெறந்து கேளுங்க.

– கேக்குறேன். வெள்ளையம்மா, உங்க நெத்தியில தண்ணி ஊத்தட்டுங்களா?

– வேணாம்யா. அவரும் இதத்தான் சொல்லியிருப்பாரு.