பொயின்ற்றில் நிற்க ஓர் ஆள்

சனிக்கிழமை காலைகளில் நான் மற்றவர்களுடைய கடிதங்களை வாசித்துக் கொடுப்பவன். லா சப்பலில் மெத்ரோ ரயிலை விட்டு இறங்கியதும் வரும் தேநீர்க் கடையில், கண்ணாடியோரம் இரண்டாவது மேசை என்னுடையது. வீட்டு வாடகை, விசா, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கிருந்து வந்த கடிதமானாலும் வாசித்துத் தமிழில் சொல்லுவேன். ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தால் குடிப்பேன், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் மடுத்தீன் பிழையாகச் சொன்னான் என்று ஒருவரும் வந்து நின்றதில்லை. தங்கச்சி நிரோஜினி, நீங்களும் பொலிசுக்கு மொழிபெயர்ப்பவர், அந்தப் பொறுப்பு உங்களுக்கு விளங்கும். இந்த அதிகாரிக்கு நான் பிரெஞ்சிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தமிழில்தான் நிதானமாகக் கதைக்க வரும்.

மற்றது, நான் எங்கள் மன்னார்க் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர். இங்கே எங்கள் ஆட்களின் கழகங்கள் எல்லாம் ஊர்ப் பெயரில்தான் இருக்கின்றன. ஒரு வீரன் கழகம் மாறுவதென்றால் இரண்டு செயலாளர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'வீரர் உடல்நலத்துடன் உள்ளார்' என்ற வரியும் அதே தாளில் இருக்கிறது. வைத்தியச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. செயலாளர் சொன்னால் சொன்னதுதான்.

ஒன்பது வருடமாக நாங்கள் கோப்பை எடுக்கவில்லை. நான்கு முறை இறுதியாட்டத்தில் தோற்றோம். நான்கு முறையும் ஒரே இடத்தால்தான் தோற்றோம். பொயின்ற் என்பது மட்டையடிப்பவனுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நிற்கும் இடம். எங்கள் பந்துவீச்சுக்கு அடி எல்லாம் அங்கேதான் பறக்கும். அங்கே நாங்கள் நிறுத்தியவர்கள் கையில் விழுந்த பந்தையும் கால்களுக்கிடையால் விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். அடுத்த நாள் மரக்கறிக் கடைக்குப் போனால் கத்தரிக்காயை நிறுத்தபடியே கேட்பார்கள்: "என்ன மடுத்தீன் அண்ணை, இந்த முறையும் ரெண்டாமிடமோ?" சிரித்துக்கொண்டு வெளியே வருவேன். வீட்டில் மனைவி இம்மாகுலேற்மீது எரிந்து விழுவேன். அவள் பாவம், பந்துக்கும் மட்டைக்கும் வித்தியாசம் தெரியாத மனிசி. எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது.

கிருஷிகன் யாழ்ப்பாணக் கழகத்தில் விளையாடினான். முப்பத்து மூன்று வயது. அவன் பொயின்ற்றில் நின்றால் அந்தப் பக்கம் வேலி அடைத்த மாதிரி. ஐந்தாவதாக இறங்கி ஆட்டத்தையும் முடித்துத் தருவான். அவர்களுடைய செயலாளர் யோகநாதனிடம் வேகப்பந்து போட ஆளில்லை. என்னிடம் இரண்டு பெடியள் இருந்தார்கள், கீர்த்தனனும் டெனிஸ்டனும். கீர்த்தனனைத் தருகிறேன் என்றேன்.

"அவன் ஒருத்தனை வச்சு நான் என்னத்தைச் செய்யிறது?" என்றார் யோகநாதன். "டெனிஸ்டனையும் சேர்த்துத் தாரும். கிருஷிகனை நாளைக்கே கூட்டிக்கொண்டு போம்."

ஆறு கிழமை இதே யோசனை. சாப்பிடும்போதும் அதுதான், பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதுதான். இளம் பந்துவீச்சாளர்களை நம்பிக் கெட்டவன் நான். ஒருவனுக்கு முழங்கால் போனது. ஒருவனுக்கு உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்தது. ஒருவன் கலியாணம் கட்டி லண்டனுக்குப் போனான். கிருஷிகனிடம் அந்த ஐமிச்சம் இல்லை, அவன் என்ன செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் டெனிஸ்டன் வேறு மாதிரி. அப்படியொரு பந்துவீச்சை நான் எங்கள் ஆட்களிடம் கண்டதில்லை. அவனைக் கொடுத்துவிட்டு, பத்து வருடம் அவனிடமே அடிவாங்குவதா? முடிவெடுக்க முடியாமல் என்மீதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

டெனிஸ்டனுக்கு இருபது வயது. நாட்டிலிருந்து வந்து பதினான்கு மாதம். செவ்ரானில், தன்னைப்போலப் புதிதாக வந்த மூன்று பேருடன் ஓர் அறையில் இருந்தான். ஏப்ரலில் பயிற்சியின்போது தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாம் சோதித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை கடிதத்தோடு என் மேசைக்கு வந்தான்.

"டொக்டர் கனநேரம் கதைச்சவ அண்ணை. நான் எல்லாத்துக்கும் ஓம் எண்டு, வி, வி சொல்லித் தலையாட்டிப்போட்டு வந்திட்டன்," என்றான். புதிதாக வந்த எல்லோரும் அப்படித்தான். நானும் ஒரு காலத்தில் தலையாட்டியவன்தான். "போனிலை படம் எடுத்துத் தமிழுக்கு மாத்திப் பார்த்தன். தடித்த சுவர், வெளியேறும் பாதை எண்டு வீடு கட்டிற கதை மாதிரி வருது. நீங்கள் ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

வாசித்தேன். அவனுடைய இதயத் தசை பிறப்பிலிருந்தே தடித்திருக்கிறது. ஓடக் கூடாது, போட்டி விளையாட்டு முற்றாகத் தடை. மீறினால் திடீரென்று உயிர் போகலாம். மூன்று கிழமையில் மறுபடியும் வர வேண்டும். டொக்டர் நல்ல தெளிவாக எழுதியிருந்தார்.

உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஆறு கிழமையாக விடாத கணக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. இனி டெனிஸ்டனைக் கொடுப்பதில் எங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. யோகநாதனுக்கு அது தெரியாது.

"ரத்தம் காணாதாம்," என்றேன். "இரும்புக் குளிசை போடட்டாம்."

"விளையாடலாமோ அண்ணை?"

"ஓம். விளையாடலாம்."

அவன் முகம் மலர்ந்துபோயிற்று. குளிசையை நானே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். கடிதத்தை என்னிடமே வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, அவன் பெயரில் பேசி, அந்தச் சந்திப்பைச் செப்டெம்பருக்கு மாற்றினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளித்தான் வைத்தேன். போட்டிகள் ஆகஸ்டில் முடிந்துவிடும்.

இரண்டு பெடியளையும் கொடுத்துக் கிருஷிகனை எடுக்க மே மாதம் கையெழுத்துப் போட்டோம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோகநாதன் கேட்டார்: "டெனிஸ்டன் இடையிலை தலைசுத்தி விழுந்தவனாம். உடம்பு சுகம்தானே?"

"ஓம்," என்றேன்.

ஜூலையில், லா கூர்னெவ் பக்கத்து மைதானத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் அரையிறுதி. நான் ஓட்டங்களைக் குறித்துக்கொண்டு இருந்தேன். டெனிஸ்டன் என்னைக் கண்டதும் ஓடிவந்தான். "குளிசை ஒழுங்காப் போடுறன் அண்ணை. இப்ப நல்ல பெலன்," என்றான். நல்லது என்றேன். அன்று வெயில் கடுமை. எங்கள் துடுப்பாட்டம் முடியும் தறுவாயில், அவன் தன் மூன்றாவது ஓவரின் நான்காவது பந்துக்கு ஓடி வரும்போது, பாதி வழியில் வேகம் குறைந்து, முழங்காலில் இருந்தான். சப்பாத்துக் கயிறு கட்டுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

அவசர உதவிக்கு வரும் பொம்பியேக்காரர்கள் விரைவாகவே வந்தார்கள். நெஞ்சை அமத்திக்கொண்டே ஒருவர் கேட்டார், இவருக்கு முன்பே ஏதாவது வருத்தம் இருக்கிறதா என்று. எங்கள் ஆட்கள் என்னைத்தான் பார்த்தார்கள். அங்கே ஒழுங்காகப் பிரெஞ்சு கதைக்கக்கூடியவன் நான்தான். எல்லோருக்காகவும் நான் பதில் சொன்னேன். இல்லை என்றேன்.

அடுத்த நாள் மன்னாரிலிருந்து அவனுடைய தாய் மேரிறோஸ் போன் எடுத்தா. "தம்பி, அந்தக் கடிதத்திலை உண்மையிலை என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டா. ரத்தம் காணாது என்றுதான் எழுதியிருந்தது, அம்மா, என்றேன். அழுதுகொண்டு எனக்கு நன்றி சொன்னா.

நீங்கள் என் வீட்டில் எடுத்த கடிதம் அதுதான். ஏன் கிழித்தெறியவில்லை என்று அதிகாரி கேட்கிறார். மற்றவர்களின் கடிதங்களை நான் எறிவதில்லை.

அந்த ஆட்டத்தைக் கைவிட்டார்கள். இந்த வருடம் கோப்பையை ஒருவருக்கும் கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்துவிட்டார்கள். அது சரியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கிருஷிகன் நாற்பத்தொரு ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் நின்றவன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தில் சாவு என்று இருந்ததை நான் வாசித்தேன். வாசித்துவிட்டு அவனை ஓட விட்டேன். டெனிஸ்டன் செத்தது என்னால்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்துவிடுங்கள், தங்கச்சி. அவன் விழுந்தபோது எங்கள் கழகத்து ஆள் இல்லை.