புரட்டாசி முடிகிறது

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் பேருந்தில், கோயிலுக்குச் சென்று திரும்பிய இரு பெண்கள் என் முன்னிருக்கையில் பேசிக்கொண்டிருந்தனர்.

“மாசம் முடியுதேன்னு பயமா இருக்கு மதினி.”

“ஏட்டி, கறிக்கடைக்குப் போக ஊரே காத்துக் கெடக்கு. ஒனக்கு மட்டும் பயமா?”

“சாமி மாசம்னு சொன்னா பிள்ளைக கறி கேக்காது. இனி என்னத்தச் சொல்ல?”

“கம்மாய் மீன் இருக்குல்லா?”

“தேவதானத்துக் கம்மாய்ல தண்ணி எங்க கெடக்கு? வயல் வேலையும் இல்ல. ஐப்பசியும் விரதந்தான்னு சொல்லிப் பாத்தேன்.”

“ஒம்மக நம்பிட்டாளா?”



“நம்பல மதினி. ஆனா சின்னவன் அழுதப்ப அவளே சொல்லுதா, ‘நம்ம வீட்டுச் சாமிக்கு எல்லா மாசமும் புரட்டாசிதாம்ல’ன்னு.”