மயில்கழுத்துச் சேலை

மொத்த வியாபாரிக்கு எதையும் ஒற்றையாக வாங்க வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. என் வீட்டுக்காரர் வேதமாணிக்கத்துக்குக் கல்மண்டபத்தில் கருப்பட்டி மண்டி. எனக்கு அந்த மயில்கழுத்துச் சேலை வாங்கியபோதும் அப்படித்தான் வாங்கியிருக்கிறார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை வெளியே கூட்டிப்போனது அந்தச் சேலையைக் கட்டிய அன்றுதான். உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் கிடைக்க ஆரம்பித்திருந்தது. சிநேகிதர் காரை இரவல் வாங்கி எண்ணூருக்கு ஓட்டினார். முகத்துவாரக்குப்பத்தில் லட்சுமணன் என்பவருடைய படகில் ஏறினோம். எனக்குச் சந்தோஷம் தாளவில்லை.

கழி ஊன்றிக்கொண்டே லட்சுமணன் கேட்டார்: "இன்னாமா, போன தபா பயந்துகினு அய்யாவக் கட்டிப் புட்ச்சிகினியே. இப்போ தெளிஞ்சுட்டியா?"

நான் முக்காட்டை விலக்கித் திரும்பினேன். படகுக்காரர் முகம் செத்துவிட்டது. "பொடவையப் பாத்து ஏமாந்துட்டேம்மா" என்றார். அப்புறம் தலை நிமிரவே இல்லை.

கழிமுகத்து நடுவில் ஒரு மணல்திட்டு. எங்களை இறக்கிவிட்டு, "தண்ணி ஏறிச்சுன்னா இது முயுகிப் பூடும். அதுக்குள்ள வந்துடறேன்" என்று சொல்லி வலை பார்க்கப் போனார்.

நான் வீட்டுக்காரரிடம் சேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ரெண்டா எடுத்தா கொறச்சித் தருவாம்ட்டீ. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதியே" என்றார். நான் கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். படகு வந்ததும் எழுப்பச் சொல்லிவிட்டு, அங்கே கவிழ்ந்து கிடந்த ஓட்டைப் படகின் நிழலில் படுத்தார். உடனே குறட்டை. வெயில் நகர்ந்து முகத்தில் விழுந்தது. குடையை விரித்து வைத்தேன்.

லட்சுமணன் திட்டில் நான் நின்ற பக்கம் வந்தார். ஓட்டைப் படகு மறைத்ததில் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. ஐயா எங்கே என்றார். கோபித்துக்கொண்டு வேறு படகில் போய்விட்டார் என்றேன். தன் வாயால் வந்த வினை என்று நினைத்திருப்பார், பாவம். என்னை ஏற்றிக்கொண்டு கழியை ஊன்றினார்.

படகில் ஏறும்போதே தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டுவிட்டது. என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். ரயிலேறி வீட்டுக்கு வந்து அவருக்கும் சேர்த்தே உலை வைத்தேன்.

எழுப்பியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு நாள்கூட அவர் தூக்கத்தைக் கெடுத்தவள் இல்லை ஐயா நான்.