பின் அறையைப் பார்த்த ஆன்டெனா

– எந்திரிப்பேன். பல் தேய்ப்பேன். காபியைப் போட்டு எடுத்துக்கிட்டுப் பின் ரூமுக்குப் போவேன். லேப்டாப்பத் தொறப்பேன். மேனேஜர் பேச ஆரம்பிப்பாரு. வைஃபை அறுந்துடும். அவ்ளோதான் மச்சான், என் காலைப்பொழுது.

– அதத்தான் மாப்ள நானும் சொல்றேன்! இன்னொரு தடவை அறுந்தா வேலைக்கே வராதேன்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நீங்க என்னடான்னா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. இந்தா, ரூட்டருக்குப் புது ஆன்டெனா. முழ நீளம். பழசக் கழட்டிட்டு இத மாட்டுனா, பின் ரூம் என்ன, மொட்டமாடி வரைக்கும் எடுக்கும்.

– வேணாம்.

– ஏன்?

– கழட்டாதீங்க.

– சரிப்பா, கழட்டல. இந்தப் பழச நிமித்தியாவது வைக்கிறேன். ஒண்ணு சொல்லட்டா? ஆன்டெனா முனையிலேர்ந்து சிக்னல் வராது, பக்கவாட்டுலதான் பரவும். எந்தப் புத்திசாலி இத ஈட்டி மாதிரி பின் ரூமப் பாத்து நீட்டி வச்சது?

– உங்க தங்கச்சி.

– ...எப்போ?

– அவ போன அன்னைக்குக் காலையில. கைய எடுங்க மச்சான்.

– அதுக்காக? வேலை போகட்டும், வீடு போகட்டும், இந்தக் குச்சி மட்டும் இப்படியே நிக்கணுமா? கிறுக்கா ஒனக்கு?

– ஆமா, கிறுக்குதான். கைய எடுங்கங்கறேன்ல!

– எடுக்க மாட்டேன். ஒரு வருஷமா அவகூடப் பேசாமக் கெடந்த பாவி நான். அப்படியும் கடைசியில என்ன சொன்னா? 'அண்ணன் மேல எனக்குக் கோவமில்ல, அவன் சொன்னாக் கேளுங்க'ன்னு சொன்னா. நீதானே வந்து சொன்ன? அத ஒண்ணப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடமாடறேன். அவ பேச்சுக்காவது மரியாதை குடு. தள்ளு.

– அவ சொல்லல.

– என்ன?

– ஆஸ்பத்திரி வாசல்ல தலையில அடிச்சுக்கிட்டு அழுதீங்க. பாக்க முடியல. நானாச் சொன்னேன். அவ விழுந்ததுக்கப்புறம் கண்ணே தொறக்கல.

– டேய், பொய் சொல்லாத. ஒரு குச்சிக்காக என்கிட்டப் பொய் சொல்லாத!

– அன்னைக்குச் சொன்னதுதான் பொய்.

– அப்ப என்னதான்டா சொன்னா? கடைசியா என்னதான் சொன்னா?

– இங்கதான், நீங்க நிக்கிற எடத்துல நின்னா. நான் உள்ள லேப்டாப்பப் பாத்துக் கத்திக்கிட்டிருந்தேன். இதத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே குரல் குடுத்தா: "இப்ப வருதா?"